பள்ளம் விழாத கோடு

எச்சரிக்கை மணி எப்போது அடிக்க வேண்டும் என்று முடிவு செய்வதே என் தொழில். அது அடித்தாலும் திட்டு எனக்கு, அடிக்காவிட்டாலும் திட்டு எனக்கு. தேர்ச்சி மதிப்பெண் இவ்வளவு என்று வகுத்துவிட்டுப் பெற்றோரிடம் மாட்டிக்கொள்ளும் ஆசிரியர்களும், இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும் தாய்மார்களும் என் இனத்தவர்கள். இதைப் படித்துவிட்டு அவர்கள் பெருமூச்சு விட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. மின்கம்பி அறுந்தாலோ மரம் சாய்ந்தாலோ அந்தப் பாதையில் மின்சாரத்தைக் கண்ணிமைக்கும் முன் துண்டிக்கும் கருவிக்கு பிரேக்கர் என்று பெயர். ஒவ்வொரு சப்ஸ்டேஷனிலும் ஆள் உயரப் பெட்டிகளாக அவை வரிசையில் நிற்கும். பெட்டிக்குள் சிறியதாக ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள், உண்டு. கோளாறைக் கண்டறியும் ரிலே என்ற இன்னொரு கருவி உத்தரவிட்டதும் அந்தக் காயிலில் மின்சாரம் பாயும். அதனுள் இருக்கும் இரும்புத் தண்டு நகர்ந்து ஒரு கொக்கியைத் தட்டும். கொக்கி விடுபட்டால், இறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் பாய்ந்து பிரேக்கரைத் திறந்துவிடும். நாங்கள் பொருத்தும் கண்காணிப்புக் கருவி காயிலில் பாயும் மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டுகிறது. கோடு ஏறும், தண்டு நகரும் கணத்தில் நடுவே சின்னதாக ஒரு பள்ளம் விழும், மறுபடி ஏறி, பிரேக்கர் திறந்ததும் அடங்கும். பள்ளம் தாமதமாக விழுந்தால் கொக்கி இறுகி வருகிறது என்று பொருள். எவ்வளவு தாமதத்தைப் பொறுக்கலாம், எதற்கு மேல் அலற வேண்டும் என்ற எல்லையை வகுப்பவள் நான். ஆகவே அந்தப் பள்ளத்தில்தான் என் பிழைப்பு நடக்கிறது.

நகரியில் பிறந்து, திருப்பதியில் பொறியியல் படித்து, சித்தூரில் குடியிருக்கிறேன். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே நான் ஏறி இறங்காத சப்ஸ்டேஷன் குறைவு. இருந்தும், கீழே வரும் சங்கதிகள் எல்லாம் பாகாலாவுக்கு அப்பால் உள்ள ஒரே சப்ஸ்டேஷனில், மூன்றாவது பிரேக்கர் என்ற ஒரே பெட்டியைச் சுற்றி நடந்தவை. ஒரு மனுஷிக்கு அதிர்ச்சி அடைய ஒரு பெட்டி போதும் என்பதை அங்குதான் தெரிந்துகொண்டேன்.

வெண்ணெய்

அந்த சப்ஸ்டேஷனின் ஆபரேட்டர் மொகிலப்பா. ஐம்பதைத் தாண்டியவர். எல்லையோரக் கிராமத்துத் தமிழர்; மேலதிகாரிகளிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ், பிரேக்கர்களிடம் இரண்டும் பேசுவார். கருவியைப் பொருத்தப் போன அன்று, அறிமுகமான சிறிது நேரத்திலேயே, கரும்புத் தோட்டங்களின் மேல் போகும் மூன்றாவது லைனைக் கை நீட்டிக் காட்டினார். அந்த லைனைப் பார்த்துக்கொள்ளும் லைன்மேன் சேகர் அவருடைய மகளைக் கட்டியவன். அந்த லைனில் கம்பி அறுந்தால் சேறு மிதித்து முதலில் போய் நிற்பவன் அவன். ஆகவே மற்றப் பெட்டிகள் எப்படியிருந்தாலும் மூன்றாவதை நன்றாகப் பார்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். இப்படிக் கேட்கும் ஆபரேட்டர் எனக்குக் கிடைத்ததே இல்லை. மனம் குளிர்ந்துவிட்டது.

எல்லை வகுக்க முதலில் பிரேக்கரின் இயல்பு தெரிய வேண்டும். வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த பிரேக்கரை முதன்முறை திறக்கும்போது விழும் கோடுதான் உண்மையைச் சொல்லும். கம்பி அறுந்து விழும் நாளில் அது தூக்கத்திலிருந்துதான் எழ வேண்டும். யாரும் பயிற்சி கொடுத்து எழுப்பப்போவதில்லை. வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை போன்றது இது. அதனால்தான், நான் வரும்வரை யாரும் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தேன். கருவியைப் பொருத்தினேன். பிரேக்கரைத் திறக்கச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் அச்சிட்டது போன்ற கோடு வந்தது. பள்ளம் விழுந்த இடத்தைப் பார்த்து நான் பாராட்டிவிட்டேன்; சேகர் கொடுத்துவைத்தவன் என்றும் சொன்னேன். மொகிலப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. டீயை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அவர் சொன்னதைக் கேட்டு, எடுத்த டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

“மேடம் வர்றாங்கன்னு காலைலயே நாலஞ்சு வாட்டி ஆட்டி உட்டேன். மொதல்ல கொஞ்சம் மக்கர் பண்ணிச்சி, இப்ப பாருங்க, வெண்ண மாதிரி போவுது.”

திருச்சானூர்க் கணக்கு

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டைப் பெருக்கி வைப்பது போல, பரிசோதிக்க வருகிறார்கள் என்றால் பிரேக்கரைத் திறந்து மூடி ஆட்டி வைப்பது இங்கே மரியாதை. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் அந்த முதல் ‘மக்கர்’தான் எனக்கு வேண்டியிருந்தது, அது போய்விட்டது. இருந்த கோட்டை வைத்து எல்லை வகுத்தேன். நான் பயந்தபடியே, நீண்ட நாள் ஓய்வுக்குப் பிறகு அந்த பிரேக்கர் திறந்த ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை அடித்தது. அதே நாளில் இரண்டாம் முறை திறந்தால் அடிக்கவில்லை. நோய் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. பெட்டியைக் கழற்றிப் பார்க்க அரை நாள் மின்நிறுத்தம் கொடுங்கள் என்று அந்தப் பகுதியின் உதவிப் பொறியாளரான ஏ.ஈ.யைப் பார்த்துக் கேட்டேன்.

ஏ.ஈ. இளைஞர், தெலுங்குக்காரர், நல்லவர், எப்போதும் இரண்டு கைபேசிகளுக்கு நடுவே வாழ்கிறவர். கரும்புக்குத் தண்ணீர் பாயும் பருவத்தில் அரை நாள் மின்சாரத்தை நிறுத்தினால் ஊரே வந்து வாசலில் உட்காரும் என்றார். அதுவும் உண்மைதான். பிறகு, பெரிய பெரிய சிக்கல்களுக்கெல்லாம் எளிய தீர்வு கண்டவரின் முகத்தோடு, தாயார் கோயில் இருக்கும் திருச்சானூர் பக்கத்தில் நான் வேறொரு சப்ஸ்டேஷனில் வகுத்த எல்லை எண்ணையே இங்கும் போட்டுவிடச் சொன்னார். அங்கே இருப்பது வேறு வகைப் புதுப் பெட்டி, கொக்கியும் வேறு, காயிலும் வேறு, ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் மாட்டிக்கொள்ள முடியுமா என்று நான் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகவே கேட்டார். கேட்டுவிட்டு, உண்மையாகவே புரியாத குரலில் என்னிடம் கேட்டது இது.

“திருச்சானூர்ல அடிக்காத அலாரம் எங்களுக்கு மட்டும் எந்துக்கு மேடம் அடிக்கிது? அங்க அம்மவாரு பாத்துக்கறாங்களா?”

பஞ்சு

அடுத்த முறை போனபோது சப்ஸ்டேஷனில் அசாதாரண அமைதி. கருவியின் திரையில் சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டிருக்கிறது. அலாரம் ஒலிக்கும் பஸ்ஸரிலிருந்து மூச்சுக் காற்றுகூட வரவில்லை. கம்பி கழன்றிருக்குமோ என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். பஸ்ஸரின் வாயில் பஞ்சை அடைத்து, அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மிக நேர்த்தியாக, ஒரு சுருக்கம் இல்லாமல், சுற்றியிருந்தார்கள். காயத்துக்குக் கட்டுப் போட்டவர்கூட அவ்வளவு அக்கறை காட்டியிருக்க மாட்டார். ஸ்டூலிலிருந்து இறங்கவே எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. மொகிலப்பா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் விழுந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு.

“சத்தத்தத்தான் மேடம் நிறுத்தினோம், அலாரத்த நிறுத்தல. அது பாட்டுக்கு உள்ள அடிச்சிக்கினுதான் கீது.”

விட்டுக்கொடுத்ததும் பிடித்துக்கொண்டதும்

புகார் எங்கள் திருப்பதி அலுவலகம் வரை வந்துவிட்டது. வாடிக்கையாளர் காது வலிக்கிறது என்கிறார், எல்லையைத் தளர்த்து என்று மேலிடம் சொன்னது. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன், கோடுகளை வரிசையாக அச்சடித்து வைத்தேன். எல்லாரும் பார்த்தார்கள், அழகாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் ஓர் ஒப்பந்தம். பள்ளம் தாமதமாக விழும்போது அடிக்கும் முதல் எச்சரிக்கையின் எல்லையைத் தளர்த்த ஒப்புக்கொண்டேன். பதிலுக்கு, பள்ளமே விழாவிட்டால் அடிக்கும் இரண்டாவது எச்சரிக்கையை யாரும் தொடக் கூடாது, அது நேரே என் கைபேசிக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். பள்ளம் விழவில்லை என்றால் தண்டு அசையவே இல்லை என்று பொருள். எங்கள் சப்ஸ்டேஷன்கள் எதிலும் அதுவரை அப்படி நடந்ததில்லை. பக்கத்து மேசையில் இருக்கும் ரேவதி, என்னை அக்கா என்று அழைப்பவள், எனக்காக வருத்தப்பட்டாள்.

“வர்ற அலாரத்த விட்டுக் குடுத்துட்டு, வரவே வராத அலாரத்தக் கெட்டியா புடிச்சிக்கினு இருக்கீங்களே அக்கா.”

மழை

ஆயுத பூஜை முடிந்து, தீபாவளியும் போய், கடலில் தாழ்வு நிலை என்று வானொலி சொல்லத் தொடங்கிய வாரம். திருப்பதியில் காலையிலிருந்து விடாத மழை. மதிய உணவு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் என் கைபேசி ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை இரண்டாவது எச்சரிக்கைக்கென்று நானே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ஆனால் அதுவரை கேட்டதில்லை. என்னுடைய கைபேசிதானா என்றுகூடச் சந்தேகப்பட்டேன். கோட்டைத் திறந்து பார்த்தேன். ஏறியது. ஏறிய இடத்திலேயே சமவெளி போல நேராக நின்றது. பிறகு வெட்டியது போல அறுந்திருந்தது. பள்ளமே இல்லை. உத்தரவு போயிருக்கிறது, தண்டு அசையவில்லை, காயில் எரிந்து போயிற்று. மூன்றாவது பிரேக்கர் திறக்காமலே நிற்கிறது.

மொகிலப்பாவை அழைத்தேன். எடுத்ததும், அதே பழைய அலாரமா என்று கேட்டார். நடந்ததை அவசரமாகச் சொன்னார். கரும்புத் தோட்டத்தில் கம்பி அறுந்து விழுந்துவிட்டது. மூன்றாவது ரிலேயின் அடையாளக் கொடி விழுந்திருக்கிறது. ஆகவே மூன்றாவது லைன் துண்டாகிவிட்டது. என்ன காரணமோ, எல்லா லைன்களுக்கும் பின்னால் உள்ள மெயின் பிரேக்கரும் சேர்ந்து விழுந்து சப்ஸ்டேஷனே இருண்டுவிட்டது. மற்ற ஊர்களுக்காவது உடனே மின்சாரம் கொடு என்று ஏ.ஈ. இன்னொரு போனில் நெருக்குகிறார். மொகிலப்பா, முறைப்படி மற்ற லைன்களின் பிரேக்கர்களைத் திறந்து வைத்துவிட்டார். இப்போது மெயின் ஸ்விட்சில் கை வைத்திருக்கிறார். அதைப் போட்டுவிட்டு என்னிடம் பேசுவதாகச் சொன்னார். சேகரிடம் லைன் செத்துவிட்டது என்று தகவல் சொல்லியாயிற்று, அவன் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டான் என்பதையும், நல்ல செய்தி போலவே, சொன்னார்.

கொடி விழுந்தால் ரிலே உத்தரவிட்டது என்று பொருள். பிரேக்கர் அதைக் கேட்டதா இல்லையா என்பது கொடிக்குத் தெரியாது. அதைக் காட்டுவதற்கென்று பேனலில் விளக்குகள் உண்டு; பிரேக்கர் திறந்தால் பச்சை, திறக்காவிட்டால் சிவப்பு. அவை எரிந்து போய் மாற்றாமல் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். மூன்றாவது துண்டாகாததால்தான் பின்னால் இருந்த மெயின் விழுந்தது. இப்போது மெயினைப் போட்டால், மின்சாரம் நேராக அந்தக் கரும்புத் தோட்டத்துக்குப் போகும்.

மெயினைத் தொடாதீர்கள், வெளியே போய் மூன்றாவது பெட்டியிலேயே இருக்கும் சின்னக் கண்ணாடித் துளைக்குள் என்ன நிறம் தெரிகிறது என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் களைத்த குரலில், மாதக்கணக்காக நீங்கள் இதைத்தான் சொல்லி வருகிறீர்கள், ஒவ்வொரு முறையும் பெட்டி ஒழுங்காகத்தான் திறந்தது என்றார். அது மறுக்க முடியாத உண்மை. தாமதமாகத் திறந்தது என்ற என் வாதம் அந்த மழைச் சத்தத்தில் எடுபடாது. கோடு, பள்ளம், எல்லை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

“நான் சொல்றது தப்பா இருந்தா கரண்டு கொஞ்சம் லேட்டாகும் மொகிலப்பா, அவ்வளவுதான். சரியா இருந்தா அங்க நிக்கிறது சேகர்.”

போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. கதவு கிறீச்சிட்டது. பிறகு மழை மட்டும். நடுவில் ஏ.ஈ.யின் அழைப்பு இன்னொரு போனில் அடித்து அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அறைக்குள் வேறு யாராவது வந்து மெயினைப் போட்டுவிடுவார்களோ என்று நினைத்தபோது, ரேவதி என் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். காலடிச் சத்தம் கேட்டது. மொகிலப்பா போனை எடுத்தார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

“செவப்புதான் காட்டுது மேடம். புள்ள கம்பிகிட்ட கீறான்.”

பெட்டிக்குள்

மழையில் திரும்ப ஓடி, பெட்டியில் இருக்கும் கைப்பிடியை இழுத்து மூன்றாவது பிரேக்கரை மொகிலப்பா திறக்கப் பார்த்திருக்கிறார். அது அசையவில்லை. உள்ளங்கையால் அடித்து அடித்து, கடைசியில் அது ‘டங்’கென்று விடுபட்டிருக்கிறது. அதையும் நம்பாமல், லைனைத் தனியே பிரிக்கும் ஐசொலேட்டரையும் இழுத்துப் பிரித்துவிட்டு, சேகரைக் கூப்பிட்டிருக்கிறார். அவன் வரப்பில் ஏறி நின்று தானே போனில் சொன்ன பிறகுதான் மெயினைத் தொட்டாராம். அதுவரை ஏ.ஈ.யின் அழைப்பை எடுக்கவே இல்லை. இருபத்தைந்து ஆண்டு சர்வீஸில் மேலதிகாரியின் போனை எடுக்காமல் இருந்தது அதுதான் முதல் முறை என்று பின்னால் வெட்கத்தோடு சொன்னார்.

மறுநாள் மின்நிறுத்தத்துக்கு யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஏ.ஈ. தாமே வந்து நின்றார். சேகர் பெட்டியைக் கழற்ற, நான் டார்ச் அடித்தேன். கொக்கி இருக்கும் இடத்தில் உலோகமே தெரியவில்லை. அதிரசத்துக்குக் காய்ச்சிய பாகு ஆறிப் போனது போலப் பழுப்பாக, கெட்டியாக, படலம் படலமாக ஏதோ ஒன்று அதை மூடியிருந்தது. நடுவே மஞ்சளும் குங்குமமும் வரி வரியாக. இத்தனை ஆண்டுகளில் பல வகை கிரீஸ் பார்த்திருக்கிறேன். இது எந்த டப்பாவில் வருவது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு துணுக்கைச் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய். சிக்குப் பிடித்த, நாட்பட்ட, விளக்குக்கு ஊற்றும் நல்லெண்ணெய்.

நான் திரும்பிப் பார்த்தேன். மொகிலப்பா பெட்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைதோறும் எல்லாப் பெட்டிகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பார், எங்கும் நடப்பதுதான். மூன்றாவது மட்டும் மாப்பிள்ளையின் லைன். அதனால் விளக்கில் மிஞ்சிய எண்ணெயை, சாமிக்குக் காட்டிய எண்ணெயாயிற்றே என்று, ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பெட்டியின் கொக்கிக்கு மட்டும் ஒரு கரண்டி ஊற்றி வந்திருக்கிறார். பிரேக்கரை ஆட்டி விட்டால் அந்தப் பிசின் இளகி வழிவிடும்; சும்மா கிடந்தால் மறுபடி இறுகிக்கொள்ளும். என் கோடுகள் மாதக்கணக்காகச் சொல்லி வந்தது இதைத்தான். வரிசையில் இருந்த மற்றப் பெட்டிகளுக்கு அந்த அன்பு கிடைக்காததால் அவை நலமாக இருந்தன.

ஏ.ஈ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மொகிலப்பாவின் கண்கள் நிறைந்துவிட்டன. சேகர்தான் சுரண்டிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், மாமனாரைக் கேட்டான்.

“தலதீபாவளிக்கு எனக்கு வெக்காத எண்ணெயெல்லாம் இந்தப் பொட்டிக்கே வெச்சிட்டியா மாமா?”

ஆயுத பூஜை

கொக்கியைச் சுத்தம் செய்து, உரிய கிரீஸ் இட்டு, புதிய காயில் மாற்றினோம். பேனல் விளக்குகளை ஏ.ஈ. தம் கையாலேயே மாட்டினார். பஸ்ஸரின் வாயிலிருந்த பஞ்சை மொகிலப்பா எடுத்துவிட்டார். டேப்பின் பசை போகத் துடைத்தும் வைத்தார். இந்த முறை பிரேக்கரை யாரும் தொடாமல் நான் சொன்ன காலம் வரை தூங்கவிட்டார்கள். முதல் கோட்டில் பள்ளம் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அதை வைத்து எல்லையை மறுபடி வகுத்தேன். தளர்த்தச் சொல்லி எவரும் கேட்கவில்லை. பிறகு மாதக்கணக்காக அந்த சப்ஸ்டேஷனிலிருந்து ஒரு பொய் எச்சரிக்கைகூட இல்லை. அலுவலகத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு மொகிலப்பா குடும்பத்தோடு அழைத்தார். மறுக்க மனம் வரவில்லை. ஒரு சோதனையும் ஆகட்டும் என்று போனேன். சேகர் புதுச் சட்டையில், கைக்குழந்தையோடு நின்றான். வாழைக்கன்று, மாவிலை, பொரி, சுண்டல். நான் யாரையும் நலம் விசாரிக்குமுன் நேராக மூன்றாவது பெட்டிக்குப் போய், டார்ச் அடித்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். கொக்கி பளபளப்பாக, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல், சுத்தமாக இருந்தது. பெட்டியின் வெளிக்கதவில் மட்டும் அளவாக ஒரு பொட்டு. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்துப் புன்னகைத்தேன். ஓராண்டுப் பாரம் இறங்கியது போல் இருந்தது.

உள்ளே அழைத்துப் போனார். கண்ட்ரோல் அறையில், சுவரில் நான் பொருத்திய கண்காணிப்புக் கருவிக்குக் கதம்ப மாலை போட்டிருந்தது. திரையின் நடுவில், கோடு வர வேண்டிய இடத்தில், பெரிய குங்குமப் பொட்டு. முன்னால் ஐந்து முக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கருவியின் மேல்புறத்தில், உள்சூடு வெளியேறுவதற்காக வரிசையாகத் துளைகள் விட்டிருப்போம். அந்தத் துளைகளின் ஓரத்தில் ஏதோ மின்னியது. அதிலிருந்து ஒரு மெல்லிய கோடு சுவர் வழியாக இறங்கி, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் பள்ளம் ஏதும் இல்லை. மொகிலப்பா கைகளைக் கூப்பியபடி, கண்கள் மின்ன, பெருமையோடு சொன்னார்.

“பொட்டிக்குள்ள ஒரு சொட்டு உடல மேடம். மாப்பிள்ள உசுரக் காப்பாத்தின உங்க மிஷினுக்குத்தான் இந்தத் தபா ஊத்தினேன்.”

ஒரு பிரேக்கர் எவ்வளவு தாமதிக்கலாம் என்பதற்கு என்னால் எல்லை வகுத்துக் கொடுக்க முடிகிறது. நன்றியுள்ள மனிதர் எவ்வளவு எண்ணெய் ஊற்றலாம் என்பதற்கு எல்லை வகுக்கும் கருவிதான் இன்னும் சந்தைக்கு வரவில்லை.